பாயசத்தில் இரண்டு கால்

ஓமனா மாடிப்படி ஏறி வந்தபோது அவள் தலைமுடியில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது.

அதைச் சொல்லலாமா கூடாதா என்று லோனப்பன் தயங்கினான். மணிலால் தயங்கவில்லை.

"சேச்சி, ஓணம் முடிஞ்ச கையோட மத்தவங்க முட்டையைத் தின்னுவாங்க. நீங்க தலையில வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

அவள் தடவிப் பார்த்து ஓட்டை எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மணிலாலின் முகம் விழுந்துவிட்டது.

"எங்க வீட்டு கேட்டுல நின்னு எறியறாங்க. எல்லாம் தெரிஞ்ச பசங்க. அவனுங்க அக்கா கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரர்தான் சமைச்சார். 'குட்டேட்டா, இன்னும் ஒரு கரண்டி'ன்னு இலையை வழிச்சு நக்கினவனுங்க, சாரே."

லோனப்பன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். திருச்சூர் செட்டியங்காடியில் குடைக்கடைக்கு மேலே அவனுடைய அலுவலகம். பலகையில் 'தனியார் துப்பறிவு' என்று இருந்தாலும் வருவதெல்லாம் கல்யாண விசாரணைதான். பையன் குடிப்பானா, பெண்ணுக்கு முன்னமே யாராவது உண்டா, இதற்கு மேல் போகாது. மணிலால் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரத்தில் உதவியாளன். சவாரி பெரும்பாலும் இருக்காது, ஏறுகிற ஆளையெல்லாம் கிண்டல் செய்வான்.

ஓமனா யார் வீட்டுக்காரி என்று இருவரும் கேட்கவில்லை. இரண்டு நாளாகத் திருச்சூரில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் யாரும் இல்லை.

ஒரு சின்ன வீடியோ. கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற வார்ப்பு என்னும் வெண்கல அண்டா, ஆள் உள்ளே படுக்கலாம், அத்தனை பெரியது. அதற்குள் கணுக்கால் மூழ்க, பழுப்பாகக் கெட்டியாக ஏதோ. அதில் வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஆடுகிறான். பல் முழுதும் தெரியச் சிரிக்கிறான். சத்தத்தை யாரோ எடுத்துவிட்டு ஓணப் பாட்டைப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு வரி: 'நீங்கள் குடித்த பாயசம்.'

ஆடுகிறவன் சமையல்காரன் குட்டிகிருஷ்ணன். ஓணத்துக்கு அவன் போட்ட கடையில் பாதி ஊர் வரிசையில் நின்று பருப்புப் பாயசம் வாங்கியிருந்தது. ஊருக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அந்த வரிசையில் நின்றவர்களுடையது.

"அது பாயசமே இல்ல, சாரே. புளித்தண்ணி. வாடகைக்கு எடுத்த வார்ப்பு, அடியெல்லாம் கரி. புளியும் சாம்பலும் கரைச்சு ஊத்தி, தேங்காய் நாரைக் காலுக்கடியில போட்டு மிதிச்சாத்தான் விடும். அவ்வளவு பெருசைக் கையால யார் தேய்ப்பா? கடை போடறதுக்கு முந்தின நாள், திருவோணத்துக்கு முன்னாடியே கழுவினது."

"அதை அவர் சொல்லலியா?"

"சொன்னாரே. முதல் நாள் டிவிக்காரங்க வந்தப்பவே சொன்னார். 'புளித்தண்ணியாம்'னு சிரிச்சாங்க. 'சரி, எடுத்த ஆளைக் கூட்டிட்டு வா, முழு வீடியோவைக் காட்டு'ன்னாங்க. 'யார் எடுத்தாங்கன்னு நான் கவனிக்கல'ன்னார். அதோட வாயை மூடினவர்தான். சோறும் இறங்கல. கிணத்துக் கயித்தை நான் ஒளிச்சு வச்சிருக்கேன்." அவள் குரல் உடையவில்லை. சந்தைக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "எடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுத் தாங்க. முழு வீடியோ கிடைச்சா என் ஆள் பிழைச்சுக்குவார்."

"பாவி யாரு, போட்டிக்காரனா இருக்குமோ?" என்றான் மணிலால்.

"தாமோதரன் கடையா இருக்கும்னு மகள் கூடச் சொல்றா. நர்ஸிங் படிக்கிறா, ஓண லீவுக்கு வந்தவ. அவளும் ரெண்டு நாளா ரூமை விட்டு வெளியில வரல."

லோனப்பன் போனை வாங்கி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். மணிலால் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"ஆசானே, ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. நான்கூட..."

"ஈ எங்கடா?"

"ஈயா?"

"பாயசம்னா, கணுக்கால் ஆழம் வெல்லப் பாகு. திறந்த முற்றம். பட்டப்பகல். ஒரு ஈ இருக்கா பாரு."

மணிலால் பார்த்தான். ஒன்றுகூட இல்லை. பின்னால் ஒரு நாய் படுத்திருந்தது. பாயசத்தைச் சட்டை செய்யாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கியது.

"இந்த ஊர்ல பாயசத்துக்கு ஆசைப்படாத நாயை நான் பார்த்ததில்ல. இன்னொண்ணு. இந்தச் சுவரைப் பாரு." வார்ப்பின் உட்பக்கம், பழுப்புக்கு மேலே, ஒரு பாதி கரி, மறுபாதி தங்கம்போல் பளபளப்பு. "பாயசம் கிண்டின பாத்திரத்துல பாகு வழிஞ்சு அப்பியிருக்கும். இதுல முகம் பார்க்கலாம்."

சொன்னவன் சட்டென்று நிறுத்தினான். பளபளக்கிற பாதியில் ஒரு மஞ்சள் பொட்டு. அதை விரலால் பெரிதாக்கினான். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பினான்.

மஞ்சள் பொட்டு ஆளாயிற்று. குழிந்த வெண்கலத்தில் தலைகீழாக விழுந்த உருவம். மஞ்சள் உடுப்பு. உயர்த்திப் பிடித்த இரண்டு கை. கைக்குள் போன்.

"எடுத்த ஆள்," என்றான் லோனப்பன். "தேய்ச்ச பாத்திரமே சாட்சி சொல்லுது. புளித்தண்ணின்னும் சொல்லுது, யார் பார்த்தாங்கன்னும் சொல்லுது."

கேரளம் முழுக்க இத்தனை பேர் பார்த்தும் இது யார் கண்ணிலும் படவில்லை. அதில் ஆச்சரியமில்லை. வார்ப்புக்குள் பழுப்பாக எது கிடந்தாலும் நம் ஆட்களுக்கு அது பாயசம்தான். பிறந்ததிலிருந்து அந்தப் பாத்திரத்தில் வேறு எதையும் பார்த்ததில்லை. கண்ணுக்கு முன்னால் நாக்கு பார்த்துவிடும்.

ஓமனா அப்போதுதான் முட்டை ஓட்டைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

*

சேனல் அலுவலகம், ஊர் நடுவே கோயிலைச் சுற்றி ஓடும் ரவுண்டு சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. செய்திப் பிரிவில் மெர்லின் என்ற பெண்மணி. முதல் நாள் குட்டிகிருஷ்ணன் வாயில் மைக்கை நீட்டியது இவள்தான். ஆளைப் பார்த்தால் கெட்டவள் மாதிரி இல்லை. இவளும் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது.

வீடியோ உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று லோனப்பன் கேட்டான்.

"யார் அனுப்பலைன்னு கேளுங்க சேட்டா. என் அத்தைகூட அனுப்பினாங்க. மூலம் எங்கேன்னு கேட்டா, மழைத்தண்ணி எந்த மேகத்துலருந்து வந்துச்சுன்னு கேக்கற மாதிரி."

"அது புளித்தண்ணி. நிரூபிச்சா போடுவீங்களா?"

"புளித்தண்ணின்னு போட்டா யாரு பார்ப்பா? தப்பா நினைக்காதீங்க. புதுசா ஏதாவது இருந்தா சொல்லுங்க. இன்னைக்கு ஏழு மணி விவாதத்துக்கு எனக்கு ஒண்ணும் இல்ல."

மணிலால் லோனப்பனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். "வேணாம் ஆசானே. பூனை கையில மீனைக் கொடுத்துட்டு முள்ளு பத்திரம்னு சொல்லப் போறீங்க."

லோனப்பன் நல்லவன். ஆனால் கண்டுபிடித்ததை வாய்க்குள் வைத்திருக்க முடியாதவன். கல்யாண விசாரணைக்கெல்லாம் யார் கைதட்டப் போகிறார்கள்? ஈயைச் சொன்னான். நாயைச் சொன்னான். பிறகு போனைத் தலைகீழாகத் திருப்பினான்.

மெர்லின் எழுந்து நின்றுவிட்டாள். "அம்மே! இதை யாரும் போடல."

"அவர் நிரபராதின்னு போடணும்."

"உள்ளதைப் போடுவோம் சேட்டா. உள்ளதுதானே உங்களுக்கும் வேணும்?"

வேண்டும் என்றுதான் சொல்ல முடிந்தது.

*

அன்று நாலாம் ஓணம், புலிவேடம் கட்டி ஆடும் புலிக்களி நாள். சாயங்காலத்துக்குள் ரவுண்டில் எல்லாம் புலியாகிவிடும். தொப்பை தொப்பையாக மஞ்சளும் கறுப்பும் பூசிய ஆட்கள் சாயம் காயக் கைகளை அகட்டிக்கொண்டு தெருவெல்லாம் நின்றார்கள். செண்டைச் சத்தம் காதை அடைத்தது.

"மஞ்சள் ஆளைத் தேடறதுக்கு நல்ல நாள் பார்த்தீங்க, ஆசானே," என்றான் மணிலால். "அதோ ஒருத்தர். அதோ இன்னொருத்தர். எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

ஒரு புலி கைகாட்டி ஆட்டோவை நிறுத்தியது. சாயம் எங்கும் படாமல் உட்கார்ந்துகொள்கிறேன், பாலஸ் ரோட்டில் இறக்கிவிடு என்றது. அவர்கள் போக வேண்டிய தாமோதரன் கடையும் அங்கேதான். லோனப்பன் ஓரமாக ஒடுங்கினான்.

"குட்டிகிருஷ்ணன் வீட்டுப் பக்கம் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டது புலி. "ஆட்டம் முடிஞ்சதும் நாங்க எல்லாம் அங்கதான் போறோம்."

"நீங்க எதுக்கு?"

"நானும் அந்தப் பாயசம் குடிச்சேன் சேட்டா. வீட்டுக்கும் வாங்கினேன்."

"நல்லா இல்லையா?"

புலி தன் தொப்பையைக் குனிந்து பார்த்தது. "ரொம்ப நல்லா இருந்துச்சு. அதாங்க கோபம்."

தாமோதரன் கடை வாசலில் புலி இறங்கிப் போனது. கடையில் வேலை செய்கிற பையன்கள் எல்லாரும் மஞ்சள் பனியன். மணிலால் லோனப்பனின் விலாவில் இடித்தான்.

தாமோதரன் சுத்தமாக விற்காமல் போன பாயசத்தைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பனியன் எப்ப வந்துச்சுன்னா கேக்கறீங்க? திருவோணத்தன்னைக்குக் காலையில. அந்தத் தையல்காரனைப் போய் உதைச்சுத்தான் வாங்கிட்டு வந்தேன். அதுக்கு முன்னாடி இந்தப் பசங்க உடம்புல மஞ்சளும் இல்ல, சோம்பலைத் தவிர வேற ஒண்ணும் இல்ல." குண்டானைக் கவிழ்த்து வைத்தான். "ஏன், நான்தான் எடுத்தேன்னு வந்தீங்களா? அவன் கால் விழுந்தது என் வார்ப்புலயும்தான், சாரே. பாயசம்னாலே ஊர் காறித் துப்புது."

"அது புளித்தண்ணின்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாம? நானும் மிதிக்கிறவன்தான். எங்க அப்பனும் மிதிச்சான். இந்தத் தொழில்ல மிதிக்காதவன் யாரு?"

"அப்ப டிவியில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

தாமோதரன் சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை. "சொல்லலாம். ராத்திரி விவாதத்துல என் காலைக் காட்டுவாங்க. 'இவனும் மிதிப்பானாம்'னு. எனக்கும் கேட் இருக்கு சாரே. அதுக்கும் முட்டை எட்டும்."

ஆட்டோவில் திரும்பி உட்கார்ந்ததும் மணிலால் வண்டியை எடுக்கவில்லை. "திருவோணத்துக்கு வந்த பனியனைப் போட்டுக்கிட்டு அதுக்கு முன்னாடி வீடியோ எடுக்க முடியாது. போட்டிக்காரன் கேஸ் ஊத்திக்கிச்சு. அந்தப் பாயசம் மாதிரியே."

லோனப்பன் மறுபடியும் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை ஈயையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை.

"டேய் மணி. ஓமனா என்ன சொன்னா? எடுத்தது யாருன்னு அவர் கவனிக்கலைன்னு."

"ஆமா."

"கவனிக்காத ஆள் எங்க பார்த்துச் சிரிக்கிறார், பாரு."

குட்டிகிருஷ்ணன் நேராகப் போனைப் பார்த்துத்தான் சிரித்தான். போனைக்கூட அல்ல, அதற்குக் கொஞ்சம் மேலே, பிடித்திருந்த ஆளின் கண்ணை. ஐம்பது வயது ஆள், குழந்தைக்குக் குரங்காட்டம் காட்டுகிறவன் மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு.

"இந்த மாதிரி நான் ஒருத்தர் முன்னாடிதான் ஆடுவேன்," என்றான் லோனப்பன் மெல்ல.

மணிலாலுக்கும் ஒரு மகள் உண்டு. அவன் வண்டியைக் கூர்க்கஞ்சேரியில் இருக்கும் குட்டிகிருஷ்ணன் வீட்டுக்குத் திருப்பினான். வழியெல்லாம் லோனப்பன் மெர்லினை அழைத்துக்கொண்டே இருந்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை.

*

கேட்டில் கூட்டம். கேமரா வண்டி ஒன்று. முட்டை விற்கிறவனைத் தவிர மற்ற எல்லாரும் இருந்தார்கள். பின்பக்க வாழைத் தோட்டம் வழியாக வந்தவர்களுக்கு ஓமனா கதவைத் திறந்துவிட்டாள்.

குட்டிகிருஷ்ணன் அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் தாடி. முன்னால் சோற்றுத் தட்டு, தொடாமலே காய்ந்துபோயிருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. டிவி சத்தமில்லாமல் ஓடியது.

"உங்க மகள்கிட்ட மஞ்சள் சுடிதார் இருக்கா, சேச்சி?" என்று லோனப்பன் கேட்டான்.

ஓமனாவுக்குப் புரியவில்லை. "இருக்கு. எதுக்கு?"

ஆனால் குட்டிகிருஷ்ணனுக்குப் புரிந்தது. எழுந்த வேகத்தில் சோற்றுத் தட்டு புரண்டது. வந்து லோனப்பனின் வாயையே பொத்திவிட்டான். புளி வாடை இன்னும் அந்தக் கையில் இருந்தது.

"சொல்லாதீங்க. சாரே, தெய்வத்தை நினைச்சு, சொல்லாதீங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. மெலிந்த பெண், கண் வீங்கியிருந்தது. பெயர் அனகா என்று பிறகுதான் தெரிந்தது.

"நான்தான்," என்றாள். "அன்னைக்கு அச்சனுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். ஆடினார். எடுத்தேன். எங்க கிளாஸ் குரூப்புல போட்டேன், 'அச்சனோட ஓண ஆட்டம்'னு. முதல்ல புளியைக் கரைச்சு ஊத்தறது, சாம்பலைக் கொட்டறது, எல்லாம் இருந்துச்சு. யாரோ அதை வெட்டிட்டு..."

"முழுசு எங்க மோளே?" என்று கேட்டான் லோனப்பன்.

"அழிச்சுட்டேன். பயந்துட்டேன்."

ஓமனா மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அடிக்க ஓங்கிய கை வழியிலேயே தொய்ந்து, மகளின் தலையில் போய் உட்கார்ந்தது. "ரெண்டு நாளா... அந்த மனுஷனை..."

"நான்தான் வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்," என்றான் குட்டிகிருஷ்ணன். "என்னை என்ன பண்ணுவாங்க? முட்டை எறிவாங்க, கழுவிக்குவேன். இவ எடுத்தான்னு தெரிஞ்சா இவ போட்டோவைத் தேடுவாங்க. தேடி எடுத்து, தலையை வெட்டி, எதுல கொண்டு போய் ஒட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷ வீடியோவையே என்ன பாடு படுத்தினாங்க. இது வயசுப் பொண்ணு, சாரே."

லோனப்பன் மறுபடியும் போனை எடுத்தான். இந்த முறை மெர்லின் எடுத்தாள்.

"மெர்லின், அதைப் போடாதே. நான் சொன்னது தப்பு."

"எது தப்பு சேட்டா? உருவம் தெளிவா இருக்கே."

"போடாதேங்கறேன்!"

"போயிட்டிருக்கு," என்றாள் மெர்லின். அவள் குரலிலும் ஒரு களைப்பு இருந்தது. "நான் நிறுத்தினா பக்கத்துச் சேனல் போடும். பார்த்தாச்சே எல்லாரும்."

மணிலால் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். திரையில் வார்ப்பின் பளபளப்பு. தலைகீழ் உருவத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் துடித்தது. அடியில் எழுத்து ஓடியது: 'யார் இந்த மஞ்சள் உடை? பாயசச் சதியில் கூட்டாளியா?' ஈயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாயைப் பற்றி இல்லை. புளித்தண்ணி என்ற சொல்லே இல்லை.

வெளியே கேட்டில் ஒரு கணம் அமைதி. எல்லாரும் கையிலிருக்கும் போனைப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு ஒரு பொடியன் குரல்: "டேய், அவன் மகள்கிட்ட மஞ்சள் சுடிதார் இருக்குடா. பஸ் ஸ்டாப்புல பார்த்திருக்கேன்."

அனகா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

குட்டிகிருஷ்ணன் குனிந்து, சிந்தின சோற்றைத் தட்டில் வழித்துப் போட்டான். கையை வேட்டியில் துடைத்தான். தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பந்திக்கு வந்தவர்களை 'போதுமா' என்று கேட்கப் போகிறவன் மாதிரி முன்வாசல் கதவைத் திறந்தான்.

"அச்சா!"

ஓமனா மகளின் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தாள். லோனப்பன் பின்னாலேயே ஓடினான்.

கேமரா விளக்கு குட்டிகிருஷ்ணனின் முகத்தில் விழுந்தது. ஒரு முட்டை வந்து தூணில் உடைந்தது.

"கேளுங்க," என்றான். இரண்டு நாளாக ஊரிடம் பேசாத வாய். "அது பாயசம்தான்."

கூட்டம் அப்படியே நின்றது.

"நான் குடிச்சிருந்தேன். குடிச்சுட்டு இறங்கி ஆடினேன். போனைத் திண்டுல சாத்தி வச்சு நானே எடுத்தேன். கூட யாரும் இல்ல. அந்த மஞ்சள், பாத்திரம் மூடற துணி. கொடியில தொங்கிச்சு. நான் பண்ணினது தப்பு. என் வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மன்னிச்சுடுங்க."

யாரோ கைதட்டினார்கள். யாரோ காறித் துப்பினார்கள். "நான் அன்னைக்கே சொன்னேனே!" என்றது ஒரு குரல், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. புளித்தண்ணி என்று சொன்னபோது நம்பாதவர்கள் பாயசம் என்றதும் நம்பிவிட்டார்கள். ஒருவன்கூட, துணிக்கு ஏதடா கை என்று கேட்கவில்லை.

மைக்கைப் பிடித்திருந்த மெர்லின் சேனல் பையனுக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். லோனப்பனை அடையாளம் கண்டு அவன் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்கதானே அந்த உருவத்தைக் கண்டுபிடிச்ச துப்பறிவாளர்? இவர் சொல்றது உண்மையா? அது துணிதானா?"

விளக்கு லோனப்பனின் கண்ணில் விழுந்தது. கேட்டுக்கு அப்பால் மணிலாலின் ஆட்டோ தெரிந்தது. மணிலால் அவன் பக்கத்திலேயேதான் நின்றான். ஜன்னலின் திரை லேசாக அசைந்தது. குட்டிகிருஷ்ணன் கூட்டத்தைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. லோனப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமா," என்றான் லோனப்பன். "துணிதான்."